செய்தல், செய்வித்தல், உடன்படல்: வாட்ஸ்அப் பொத்தான்கள் குறித்து ஒரு வியாபாரியின் சிந்தனை

எழுதும் கருவி எழுத்தையே மாற்றும் என்பதற்கு நம் ஓலைச்சுவடிகள் சான்று. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகிவிடும் என்று பல சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைக்கவில்லை. படிப்பவர்தான் இடமறிந்து சேர்த்துப் படிக்க வேண்டும். இன்று நம் கையில் இருக்கும் வாட்ஸ்அப்பும் ஓர் எழுதுகருவியே. அதன் அமைப்பு நம்மை என்ன செய்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரை. நான் கணினி படித்தவன் அல்லன். மும்பையில் நாற்பது ஆண்டுகளாகப் பாத்திரக்கடை வைத்திருப்பவன். கணக்குப் பார்க்கும் கண்ணோடுதான் இதையும் பார்க்கிறேன்.

எங்கள் சமண சமயத்தில் வினையை மூன்றாகப் பிரிப்பார்கள்: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்ததற்கு உடன்படல். மூன்றுக்கும் பொறுப்பு உண்டு. இதை வாட்ஸ்அப்புக்குப் பொருத்திப் பாருங்கள். நாமே எழுதுவது செய்தல். வந்ததை ஃபார்வர்ட் பண்ணுவது செய்வித்தல். கட்டைவிரல் படம் போடுவது உடன்படல். எழுத வேண்டுமானால் எழுத்தெழுத்தாகத் தட்ட வேண்டும். ஃபார்வர்டுக்கு மூன்று, நான்கு தொடுதல் போதும். 2022-இல் வந்த கட்டைவிரலுக்கு அதுவும் வேண்டாம். உழைப்பு குறையக் குறைய, 'இதை நாம்தான் செய்தோம்' என்ற எண்ணமும் குறைகிறது. இதுவே இந்த அமைப்பின் மேல் நான் வைக்கும் முதல் குற்றச்சாட்டு. ஏடு பெயர்த்தெழுதியவர் ஒவ்வோர் எழுத்தையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். இங்கே படிக்காமலே அனுப்பலாம்.

2018 ஜூலை 1-ஆம் தேதி, நம் மகாராஷ்டிராவின் துளே மாவட்டம் ராயின்பாடா கிராமத்தில், பிள்ளை பிடிப்பவர்கள் என்ற வதந்தியை நம்பி ஐந்து பேரை அடித்தே கொன்றார்கள். அந்த மாதமே, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்யப்போவதாக வாட்ஸ்அப் அறிவித்தது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்கே அனுப்பலாம் என்றாக்கினார்கள். அதன்பின் அவ்வகைச் செய்திகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. மனிதர்கள் ஒரே மாதத்தில் திருந்திவிட்டார்களா என்ன? பொத்தான் மாறியது, அவ்வளவுதான்.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை. ஒரு ஆளும் ஒன்று, ஒரு குழுவும் ஒன்று! என் தவறு அந்த ஓட்டை வழியாகத்தான் போயிற்று. அதே ஏப்ரல், ஊரடங்கு நேரம். தமிழ்நாட்டுக்கு ஸ்பெஷல் ரயில் விடுகிறார்கள் என்று ஒரு செய்தி வந்தது. நல்லதுதானே என்று எங்கள் குழு ஒன்றில் போட்டேன். ஓரிடம்தான், விதிப்படி சரி. உள்ளே இருநூறு பேர். என் கடையில் மூட்டை தூக்கியவர், மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வெயிலில் ஸ்டேஷனுக்கு நடந்தார். ரயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. போலீஸ் விரட்டித் திருப்பி அனுப்பியது. மறுநாள் போன் செய்தார். "வேற யாராவது போட்டிருந்தா நம்பியிருக்க மாட்டேன் முதலாளி. நீங்க போட்டிருந்தீங்களேன்னுதான் கிளம்பினோம்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திரையை அப்புறம் எடுத்துப் பார்த்தேன். மேலே என் பெயர் தடித்த எழுத்தில். ஃபார்வர்ட் என்ற அடையாளம் பொடியாக, மங்கலாக. முதலில் எழுதியவன் பெயர் எங்குமே இல்லை. செய்தவன் இல்லாத சரக்குக்கு என் கடை முத்திரை! எந்த வியாபாரி இதற்குச் சம்மதிப்பான்?

இதை மாற்ற முடியாது என்று சொல்லிவிட முடியாது. இப்போது எக்ஸ் என்று பெயர் மாறிய ட்விட்டர், 2020-இல் ஒரு சோதனை செய்தது. கட்டுரையைத் திறக்காமலே பகிரப் போனால், 'முதலில் படிக்கிறீர்களா?' என்று கேட்டது. தடுக்கவில்லை, கேட்டது மட்டும்தான். அந்த ஒரு நொடி நிதானம் கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அது வரும்வரை நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எதையும் அப்படியே தள்ளிவிடுவதில்லை. யாரிடம் விசாரித்தேன், எனக்கு எப்படித் தெரியும் என்று என் கையால் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் அனுப்புகிறேன். எழுத ஒன்றும் இல்லையென்றால் அனுப்புவதில்லை. செய்வித்தலைச் செய்தலாக்கிக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து வாழும் நமக்கு ஒருவர் சொல்லை ஒருவர் நம்புவதுதான் முதல். அந்த முதலை விரல்நுனியில் செலவழிக்கக் கூடாது.