சோனி ஆர்எக்ஸ்100: அருமனை வெளிச்சத்தில் ஒரு மதிப்பீடு

சோனி நிறுவனம் 2012 ஜூன் மாதம் அறிமுகப்படுத்திய சிறிய வகை எண்ணிமக் கேமரா சைபர்-ஷாட் டிஎஸ்சி-ஆர்எக்ஸ்100. சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகக்கூடிய அளவு, ஆனால் கையால் எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளும் வசதி, பதப்படுத்தாத ரா கோப்பு, வழக்கத்தைவிடப் பெரிய ஒளி உணரி. இந்த மூன்றும் ஒரே உடலில் சேர்ந்ததால் 'உயர்நிலை காம்பாக்ட்' என்ற வகைக்கே இது அடையாளமாயிற்று. அமெரிக்காவின் டைம் இதழ் 2012ஆம் ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. 2019 வரை இதே வரிசையில் ஏழு மாதிரிகள் வந்தன.

இக்கேமராவைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் உணரியைப் புகழ்வதோடு நின்றுவிடுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்துக்கு வடக்கே உள்ள அருமனை போன்ற ஊரில் அந்தப் புகழ்ச்சி பாதிதான் உதவும். ரப்பர் தோட்டத்து நிழல், திற்பரப்பு அருவியின் நீர்த்தூவல், சிதறால் மலையின் பாறை வெயில், இரண்டு பருவமழைகளின் ஈரம் ஆகிய எல்லாம் சில கிலோமீட்டருக்குள் இருக்கும் பகுதி இது. இங்கே கேமராவின் தகுதியைத் தீர்மானிப்பது உணரி அல்ல, அதன் முன்னால் நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கும் லென்ஸ். ஊர் வரலாறோ தொழிலோ பதிவு செய்ய விரும்பும் மாணவர் ஒருமுறைதான் பணம் போட முடியும் என்பதால் இந்த வேறுபாடு முக்கியமானது.

உணரியின் வலிமை

ஆர்எக்ஸ்100இல் இருப்பது '1 அங்குல' உணரி. இந்தப் பெயர் சற்று ஏமாற்றுவது. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்துச் சொன்ன வழக்கு அப்படியே தங்கிவிட்டது. உண்மையில் அதன் அளவு 13.2 × 8.8 மி.மீ.; மூலைவிட்டம்கூட 16 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. ஆனாலும் 2010இல் வந்த கேனன் ஜி12இன் உணரியைவிடப் பரப்பில் ஏறக்குறைய 2.8 மடங்கு. அதே 2012இல் வந்த ஐபோன் 5இன் உணரியோடு ஒப்பிட்டால் 7 மடங்குக்கு மேல். பேட்டரியோடு சேர்த்து 240 கிராம் எடையுள்ள பெட்டிக்குள் இதை அடக்கியது பெரிய சாதனைதான்.

இதன் பலன் இருட்டில் தெரியும். டிசம்பரில் அருமனை கிறிஸ்துமஸ் விழாவின் விளக்கு அலங்காரத்தை ஐஎஸ்ஓ 1600இல் தயங்காமல் எடுக்கலாம். 3200 பயன்படும். 6400இல் முடியும் துணியின் நெசவும் குழைந்துவிடும். 2 கோடி படப்புள்ளிகள் இருப்பதால் படத்தின் ஒரு பகுதியை வெட்டி அச்சிடவும் இடமுண்டு.

ரப்பர் தோட்டத்தில்

ரப்பர் பால்வெட்டு விடியலிலேயே தொடங்கிவிடும் வேலை. தழைகள் மேலே கூரைபோல் மூடியிருக்க, வெளிச்சம் மிகக் குறைவு. இங்கே லென்ஸில் அச்சிட்டிருக்கும் 1.8-4.9 என்ற இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். விளம்பரங்கள் முதல் எண்ணையே உரக்கச் சொல்கின்றன. எஃப் 1.8 என்பது 28 மி.மீ. அகலக் கோணத்தில் மட்டும் கிடைப்பது. ஜூமை 100 மி.மீ. வரை நீட்டினால் துவாரம் எஃப் 4.9 ஆகிவிடும். அதாவது உள்ளே வரும் ஒளி ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. அகலக் கோணத்தில் ஐஎஸ்ஓ 400 போதுமாக இருந்த அதே வெளிச்சத்தில், அதே ஷட்டர் வேகத்துக்கு, ஜூம் முனையில் ஏறத்தாழ 3000 தேவைப்படும். உணரி சம்பாதித்துத் தந்ததை லென்ஸ் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

ஆகவே தொழிலாளியின் முகத்தைத் தள்ளி நின்று எடுக்க நினைப்பவருக்கு இது ஏற்ற கருவி அல்ல. அருகே போய், அவர் அனுமதியோடு, கத்தி பட்டையில் இறங்குவதையும் பால் சிரட்டையில் வடிவதையும் எடுப்பவருக்கு நல்ல கருவி. அகலக் கோணத்தில் 5 செ.மீ. தூரம் வரை குவியம் கிடைக்கும். ஜூம் முனையில் அது 55 செ.மீ. ஆகிவிடுகிறது, பால்துளியையோ பூச்சியையோ தொலைவிலிருந்து பெரிதாக்கிக் காட்டும் ஆசை அங்கே நிறைவேறாது.

முகத்துக்குப் பின்னால் உள்ளவை கரைந்து மங்கலாக வேண்டும் என்று எதிர்பார்த்து வாங்குவோரும் உண்டு. 35 மி.மீ. பிலிம் அளவோடு ஒப்பிட்டால் இந்த உணரியின் குறுக்கக் காரணி சுமார் 2.7. பின்னணி மங்கலைப் பொறுத்தவரை எஃப் 4.9 இங்கே முழுச்சட்ட கேமராவின் எஃப் 13 போல நடந்துகொள்ளும். கல்யாண ஆல்பத்து மங்கல் இதில் வராது.

அருவியும் பாறையும்

திற்பரப்பில் நீர் பட்டுப்போல வழிவதாகக் காட்ட ஷட்டர் கால் நொடியாவது திறந்திருக்க வேண்டும். நல்ல வெயிலில், அடிப்படை ஐஎஸ்ஓ 125இல், துவாரத்தை அதன் மிகச்சிறிய அளவான எஃப் 11க்குச் சுருக்கினாலும், சரியான ஷட்டர் வேகம் 1/250 நொடி. அங்கிருந்து கால் நொடிக்கு வர ஒளியை ஆறு முறை பாதியாக்க வேண்டும். என்.டி. ஃபில்டர் எனப்படும் சாம்பல் கண்ணாடி அதற்குத்தான். ஆனால் இந்த லென்ஸில் ஃபில்டர் திருகும் மரை கிடையாது. ஒட்டிப் பொருத்தும் வளையங்களை நம்ப வேண்டும். கேனன் ஜி12 உள்ளேயே ஒரு என்.டி. ஃபில்டரை வைத்திருந்தது. சோனி 2014இல் வந்த மூன்றாம் மாதிரியில்தான் அதைச் சேர்த்தது. அது ஒளியை மூன்று முறை பாதியாக்கும். உச்சிவெயிலுக்கு அது போதாது. மேகம் மூடிய காலையில் போதும், அருவி அழகாக இருப்பதும் அப்போதுதான்.

சிதறாலில் நிலைமை நேர்மாறு. சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்கள் பாறையின் நிழல் விளிம்பில், வெளியே கண் கூசும் வெயில். ரா கோப்பில் எடுத்து, வெயில் பகுதி வெளுக்காதபடி சற்று இருட்டாகப் பதிந்து, பிறகு கணினியில் நிழலை உயர்த்தினால் சிற்ப விவரம் நன்றாகவே மீளும். தொல்லியல் துறைப் பாதுகாப்பிலுள்ள இடங்களில் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும் என்பதால், கைநடுக்கத்தைச் சமன்செய்யும் சிறு கேமரா அங்கே உண்மையாகவே உதவுகிறது. தொல்லை வேறொன்றில். முதல் மாதிரியில் கண் வைத்துப் பார்க்கும் காட்சிகாண் துளை இல்லை. திரையில் வெள்ளைப் புள்ளிகள் கூடுதலாக இருந்தும், மலையுச்சி வெயிலில் சட்டகத்தின் ஓரம் தெரியாமல் ஊகித்து அழுத்த வேண்டியிருக்கும். மூன்றாம் மாதிரியில் மேலே எழும் மின்னணுக் காட்சிகாண் வந்தது. அதை எழுப்பியபின் கண்பகுதியை வெளியே இழுக்கவும் வேண்டும் என்பது எரிச்சலூட்டும் ஏற்பாடு, ஆனால் இல்லாமையைவிட மேல்.

ஈரம்

இவ்வரிசையின் ஏழு மாதிரிகளில் ஒன்றுக்கும் நீர், தூசித் தடுப்பு இல்லை. இயக்கும்போது லென்ஸ் குழல் வெளியே நீள்கிறது, அணைத்தால் உள்ளே மடிகிறது. ஒவ்வொரு முறையும் வெளிக்காற்று உள்ளே போகும். இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவத்திலும், மீண்டும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அந்தக் காற்றில் ஈரம் மிகுதி. லென்ஸ் பூச்சின்மேல் பூஞ்சை பிடிப்பதற்கு இருட்டும் ஈரமும் போதும். மழைமாதம் முழுதும் அலமாரிக்குள் தோலுறையில் கிடக்கும் கேமராவுக்கு இரண்டும் கிடைக்கின்றன.

லென்ஸ் கழற்றும் கேமராவில் பூஞ்சை பிடித்த லென்ஸைத் தனியே சுத்தம் செய்யலாம், மாற்றலாம். ஆர்எக்ஸ்100இல் லென்ஸும் உணரியும் மோட்டாரும் ஒரே கட்டு. உணரியில் ஒரு தூசி விழுந்தாலும் முழுக் கேமராவையும் பிரிக்க வேண்டும். பெரும்பாலும் லென்ஸ் தொகுதியையே மாற்றச் சொல்வார்கள். பழைய கேமராவின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு தகாது. கையடக்கமாக இருப்பதற்காக நாம் கொடுக்கும் உண்மையான விலை இதுதான், கடை அட்டையில் இருப்பது அல்ல.

அருவிக்கரையில் தூவல் பட்டால் அணைப்பதற்கு முன் குழலைத் துடைக்க வேண்டும். அணைத்தால் அந்த நீரையே குழல் உள்ளே இழுத்துச் செல்லும். வீட்டில் காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பது நல்லது. எல்லாவற்றையும்விட, வாரம் ஒருமுறை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது மேல்.

மற்றவை

உடல் வழவழப்பானது, வியர்த்த கையில் நழுவும். ஒட்டிக்கொள்ளும் பிடியைச் சோனி தனியாக விற்றது, அதைப் பெட்டியிலேயே வைத்திருக்கலாம். பேட்டரி ஏறத்தாழ 330 படங்களுக்கு வரும். தனிச் சார்ஜர் கொடுக்காமல் கேமராவுக்குள்ளேயே ஏற்றச் சொல்வதால், இரண்டாவது பேட்டரி வாங்கினாலும் சார்ஜர் ஒன்று வேண்டும். நேர்காணல் பதிவு செய்வோருக்கு வெளி மைக் துளை 2019இன் ஏழாம் மாதிரி வரை கிடைக்கவில்லை.

விலையும் ஏறிக்கொண்டே போனது. அமெரிக்காவில் முதல் மாதிரி 650 டாலர், ஆறாம், ஏழாம் மாதிரிகள் 1200 டாலர். ஆறாவதில் ஜூம் 200 மி.மீ. வரை நீண்டது. பதிலுக்கு லென்ஸ் எஃப் 2.8-4.5 ஆக மங்கியது, உள் என்.டி. ஃபில்டரும் போயிற்று. தோட்டத்து நிழலுக்கும் அருவிக்கும் இவ்வரிசையில் பொருத்தமானது 24-70 மி.மீ., எஃப் 1.8-2.8 லென்ஸ் கொண்ட மூன்றாம் மாதிரி என்பதே இக்கட்டுரையின் தீர்ப்பு. நான்கும் ஐந்தும் அதே லென்ஸை வைத்துக்கொண்டு வேகத்தையும் காணொளியையும் கூட்டியவை. ஐந்தாவதில் பேட்டரி 220 படங்களுக்குச் சுருங்கியது.

இப்போது கைப்பேசியே 1 அங்குல உணரியோடு வருகிறது. 2022இன் சியோமி 12எஸ் அல்ட்ரா ஓர் எடுத்துக்காட்டு. உயர்விலைக் கைப்பேசிகள் பல மழையையும் தாங்கும். இந்தக் கேமராவிடம் மிஞ்சியிருப்பது தொடர்ச்சியான ஒளியியல் ஜூம், உண்மையான ஃபிளாஷ், விரலால் திருப்பும் வளையம் ஆகியவை. கற்பவருக்கு இவை சிறிய விஷயங்கள் அல்ல. துவாரமும் ஷட்டரும் என்ன செய்கின்றன என்பதைக் கைப்பேசி மறைத்துவிடுகிறது, இது காட்டிக்கொடுக்கிறது.

பழையதாக வாங்குவோர் லென்ஸை வெளியே நீட்டி, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற இழை தெரிந்தால் அது பூஞ்சை. தெளிந்த வானத்தை எஃப் 11இல் ஒரு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கினால் உணரித் தூசி கரும்புள்ளியாகத் தெரியும். ஜூமைப் பத்து முறை நீட்டி மடக்கி, குழல் எங்காவது திக்குகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். மழைக்காலம் முடிந்து தை, மாசியில் வாங்கினால், அந்த மழையில் பிடித்த பூஞ்சை இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும்.