நான்கு மணி நேர விதி

2023 அக்டோபர் 14, சனிக்கிழமை. தீபாவளிக்கு நான்கே வாரம் இருந்தது. சிங்கப்பூரில் ஈக்வினிக்ஸ் தரவு மையத்தின் மேம்பாட்டுப் பணியில் ஒப்பந்தக்காரர் அனுப்பிய தவறான கட்டளையால் குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. அறைகள் சூடேற, டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவைகள் முடங்கின. பிற்பகல் 2.54 முதல் மறுநாள் அதிகாலை 4.47 வரை, மின்னிலக்கச் சேவைக்குள் நுழைய நடந்த சுமார் 810,000 முயற்சிகள் தோற்றன. 2.5 மில்லியன் வரையிலான கட்டண, ஏடிஎம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை.

திட்டத்துக்குப் பஞ்சமில்லாத ஊர் இது. முக்கியக் கணினி அமைப்பு விழுந்தால் நான்கு மணி நேரத்துக்குள் மீள வேண்டும், அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் விதி. 2006 முதல் ‘ராஃபிள்ஸ்’ என்ற பெயரில் நிதித்துறை கூடி ஒத்திகை பார்க்கிறது. இந்த ஒழுக்கத்துக்குப் பலனும் உண்டு. 2020 ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை கொவிட்டால் ஊரடங்கியபோதும் வங்கிச் சேவை நிற்கவில்லை.

அப்படியிருந்தும் அந்தச் சனிக்கிழமை சறுக்கியது ஏன்? இரு வங்கிகளும் உடனே மாற்று மையத்துக்குத் தாவ முயன்றன. டிபிஎஸ்ஸை வலையமைப்பின் தவறான அமைவு தடுத்தது. சிட்டியை இணைப்புக் கோளாறு தடுத்தது. நாள் குறித்து, ஆள் நிறுத்தி நடத்தும் சோதனையில் இத்தகைய பிழைகள் எளிதில் தப்பிவிடும். ஓடும் வங்கியை முன்னறிவிப்பின்றி நிறுத்திப் பார்ப்பது ஆபத்துதான். ஆனால் பாதிச் சோதனையை முழுப் பாதுகாப்பாகக் கணக்கில் எழுதுவது அதைவிட ஆபத்து. பின்னர் டிபிஎஸ்ஸின் அவசியமற்ற தொழில்நுட்ப மாற்றங்களை ஆணையம் ஆறு மாதம் நிறுத்திவைத்தது. அது நடந்து முடிந்ததற்கான தண்டனை.

இன்னொரு குறை, ஒத்திகை சிறு கடைகள் நிறைந்த சிராங்கூன் சாலை வரை வருவதில்லை. 2020 பிப்ரவரியில் என்டர்பிரைஸ் சிங்கப்பூர் வெளியிட்ட கொவிட் வழிகாட்டி ஊழியர்களை இரு அணிகளாகப் பிரிக்கச் சொன்னது. கணவனும் மனைவியுமாக நடத்தும் பூக்கடையில் யாரை எங்கே பிரிப்பது? அந்தக் கடைக்குத் தேவை இரண்டாவது வங்கியின் கியூஆர் அட்டை, கல்லாவில் சில்லறை, சரக்குக்கு மற்றொரு வழி. இவற்றுக்குச் செலவு சொற்பம்.

வங்கிகள் ஒத்திகையில் கண்ட பிழைகளை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அடுத்த ஒத்திகையில் அச்சாலையை ஒட்டிய தேக்காவின் சில கடைகளையும் சேர்த்து, வங்கியின் கியூஆர் ஒரு மணி நேரம் நின்றால் வியாபாரம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். நான்கு மணி நேரம் போதுமா என்பதற்கு அங்கே கிடைக்கும் பதில்தான் நம்பத்தக்கது.