வேர் சொல்லாதது

ஒரு சொல்லின் வேரைத் தோண்டிக் காட்டிவிட்டால் அதன் 'உண்மையான' அர்த்தம் அகப்பட்டுவிட்டது என்று நம்பும் விமர்சனத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. இதற்குப் பெரிய பெயர்களின் துணை உண்டு என்பது தெரியும். ஹைடெக்கர் 1951ல் நிகழ்த்திய உரை ஒன்றில், கட்டுவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லும் 'இருக்கிறேன்' என்ற வினையும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று காட்டி, இருப்பதென்றால் குடியிருப்பதே என்ற முடிவுக்கு நகர்கிறார். ஒலி வரலாறு சரிதான். சமஸ்கிருதத்தின் 'பவதி'யும் அதே குடும்பம். ஆனால் சொற்களின் உறவு எப்படித் தத்துவத்துக்கு நிரூபணம் ஆகிறது? கவிதை விமர்சனத்திலும் இதே தாவல் நிகழ்கிறது. வேர் சொல்லிவிட்டது, இனிக் கவிஞன் வேறெதையும் சொல்லியிருக்க முடியாது என்பதுபோல.

ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். இந்தோ-ஐரோப்பிய மூலமொழியை யாரும் எழுதி வைக்கவில்லை. பிற்கால மொழிகளின் ஒலிகளை ஒப்பிட்டு மீட்ட வடிவங்களே நம்மிடம் உள்ளவை. அவற்றின் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி இடுவது மரபு. இது ஊகம், சான்று அல்ல என்பதற்கு அடையாளம். அப்படி ஒன்று *க்ஹோஸ்தி. ஜெர்மானிய மொழிகளில் இதன் முதல் ஒலி 'க' ஆயிற்று. லத்தீனில் 'ஹ' ஆயிற்று. எனவே ஜெர்மனில் 'காஸ்ட்', ஆங்கிலத்தில் 'கெஸ்ட்'. ஸ்லாவிய மொழிகளிலும் 'க'தான், ருஷ்யனில் 'கோஸ்த்'. மூன்றுக்கும் விருந்தாளி என்று பொருள். லத்தீனில் 'ஹோஸ்திஸ்'. பொருள், எதிரி. இதே வேருடன் தலைவன் என்று பொருள்படும் 'பதி'யின் உறவுச் சொல் சேர்ந்து லத்தீனில் 'ஹோஸ்பெஸ்' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தின் 'ஹோஸ்ட்', 'ஹாஸ்பிடல்', 'ஹோட்டல்' எல்லாம் வந்தன. விருந்தாளி, விருந்தளிப்பவன், பகைவன் மூவரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

இந்த இடத்தில் தமிழ் வாசகனுக்கு 'கோஷ்டி' நினைவுக்கு வரக்கூடும். உறவில்லை. அது சமஸ்கிருதத்தின் மாட்டுத் தொழுவத்திலிருந்து வந்தது. 'கோ'வுக்கு ஆங்கிலத்தின் 'கவ்' உறவு, 'ஸ்தா'வுக்கு 'ஸ்டாண்ட்'. மாடுகள் நிற்கும் இடம் மனிதர் கூடும் சபையாகி, பிறகு கோயிலில் பாசுரம் ஓதுவோர் கூட்டமாகவும், வெளியே கட்சி கட்டுவோர் கூட்டமாகவும் நம்மிடம் நிற்கிறது. இலக்கியக் கோஷ்டிகளைப் பற்றி எழுதும்போது தொழுவத்தை ஞாபகப்படுத்த எனக்கும் ஆசைதான். ஆனால் அது வசை, விமர்சனம் ஆகாது.

விருந்தாளி எப்படி எதிரியானான்? 1969ல் வெளிவந்த, இந்தோ-ஐரோப்பிய ஸ்தாபனங்களின் சொற்கள் பற்றிய நூலில் எமில் பென்வெனிஸ்ட் இதை ஆராய்கிறார். அவர் பார்வையில் மூலச்சொல் குறித்தது விருந்தாளியையும் அல்ல, எதிரியையும் அல்ல. கொடுத்ததற்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவனை. குலங்களுக்கிடையே இருந்த இந்தப் பரிமாற்ற உறவு, ரோம அரசு வலுப்பெற்றதும் அர்த்தம் இழந்தது. குடிமகன், அந்நியன் என்ற பிரிவு மட்டுமே மிஞ்சியது. அந்நியன் எதிரியானான். ஆக, சொல்லை மாற்றியது ஒலி விதி அல்ல, ஒரு அரசியல் அமைப்பு.

இதைக் கண்ணால் கண்ட சாட்சி ஒருவர் உண்டு. கி.மு. 44ல் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலில், முன்னோர்கள் 'ஹோஸ்திஸ்' என்றது வெறும் அந்நியனைத்தான் என்று சிசெரோ குறிப்பிடுகிறார். போரிடுபவனைக்கூட இவ்வளவு மென்மையான சொல்லால் அழைத்தார்களே என்று வியக்கிறார். காலம் அச்சொல்லைக் கடுமையாக்கிவிட்டது, அது அந்நியனை விட்டு விலகி ஆயுதம் ஏந்தியவனிடம் தங்கிவிட்டது என்றும் சேர்த்துக்கொள்கிறார். அதே ஆண்டின் இறுதியிலிருந்து, ஆண்டனியை அதே சொல்லால் அறிவிக்க வேண்டும் என்று செனட்டில் வாதாடியவரும் இவரே. ஆண்டனி உள்ளூர்க்காரன், ரோமக் குடிமகன். அந்நியனுக்காக இருந்த சொல் வீட்டுக்குள் வந்துவிட்டது. கி.மு. 43ல் செனட் அப்படியே அறிவித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆண்டனி தரப்பின் ஆட்கள் சிசெரோவைக் கொன்றார்கள். சொல்லின் வேரை அவர் அறியாதவர் அல்ல. அந்த அறிவு அவர் கையையும் தடுக்கவில்லை, எதிராளியின் கையையும் தடுக்கவில்லை.

வேராவது நிலையானதா என்றால், அதுவும் இல்லை. 1868ல் ஷ்லைஹர் மூலமொழியிலேயே ஒரு குட்டிக்கதை எழுதினார். மயிரிழந்த ஆடு ஒன்று, சுமை இழுக்கும் குதிரைகளைக் கண்டு இரங்குகிறது. அவரிடம் ஆடு 'அவிஸ்'. சமஸ்கிருதச் சாயல் வெளிப்படை. அதே கதையை ஹெர்மன் ஹிர்ட் திருத்தி எழுதிய வடிவம் 1939ல் வந்தது. அதில் ஆடு 'ஓவிஸ்' ஆகிவிட்டது. பின்னால் வந்தவர்கள் முன்னே ஒரு தொண்டை ஒலியையும் சேர்த்தார்கள். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. சோசூர் 1879ல் கணக்குப் போட்டு ஊகித்த ஒலிகளின் தடத்தை, அனடோலியாவில் கிடைத்த ஹிட்டைட் களிமண் பலகைகளில் 1927ல் குரிலோவிச் அடையாளம் கண்டார். இவ்வளவு வலுவான முறை வேறெந்த மனிதவியல் துறைக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் புதிய சான்று வந்தால் தன் வடிவத்தை மாற்றிக்கொள்ள அது தயாராக இருக்கிறது. அதன் நேர்மை அந்த நட்சத்திரக் குறியில் இருக்கிறது. விமர்சகன் வேரைக் கடன் வாங்கும்போது முதலில் உதிர்ப்பது அந்தக் குறியைத்தான்.

சொற்பிறப்பியல் விமர்சனத்துக்கு வேண்டாம் என்பதல்ல என் கட்சி. இன்னும் முழுதாக வேண்டும் என்கிறேன். வேருக்கும் நம் கையிலுள்ள கவிதைக்கும் நடுவே எத்தனையோ நூற்றாண்டுகள் கிடக்கின்றன. சொல்லை யார், எப்போது, யாரைக் குறித்து, எந்தத் தேவைக்காக வளைத்தார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஒரு கவிஞன் அந்நியனை என்ன பெயரிட்டு அழைக்கிறான் என்று பார்க்கும்போது, அந்தப் பெயர் முதலில் என்னவாக இருந்தது என்பதோடு நான் நிறுத்திக்கொள்ள முடியாது. இந்த வரியில் அவன் அதை என்னவாக ஆக்குகிறான் என்று கேட்டாக வேண்டும். அந்தப் பொறுப்பை வேரின் தலையில் கட்டிவிட இயலாது.