முக்கால் வாய்க் கணக்கு

பல் என்பது வாயில் கால் பங்குதானாம். பிரஷ் எட்டாத மீதி முக்கால் பங்கை மவுத்வாஷ்தான் சுத்தம் செய்யுமாம். விளம்பரங்களில் பல வருடமாக ஓடும் இந்தக் கணக்கை, புதுச்சேரி நேரு வீதி மருந்துக் கடையொன்றில் படித்த பிள்ளை ஒருவர் தன் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அம்மாவும் தலையாட்டிவிட்டுப் பச்சை பாட்டிலை வாங்கிப் போனார். எனக்கு மனசு பொறுக்கவில்லை.

மவுத்வாஷுக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. ஈறு அறுவைக்குப் பிறகு பிரஷ் வைக்க முடியாத நாட்களில் 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் பெரிய துணை. பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளுக்கு ஃப்ளோரைடு கலந்தது சொத்தையைக் குறைக்கும். தைமால், யூகலிப்டால் கலந்தவை பிரஷ்ஷோடு சேரும்போது ஈறு வீக்கத்தை ஓரளவு தணிக்கும். இவை மருத்துவர் காரணம் பார்த்துச் சொல்ல வேண்டியவை.

ஆனால் அந்த முக்கால் கணக்கு, நோய் பிறக்கும் இடத்தையே மறைத்துவிடுகிறது. கன்னத்தின் உட்புறம் தானாக உரிந்து புதுப்பித்துக்கொள்ளும். எச்சில் நாள் முழுக்க அதைக் கழுவிக்கொண்டிருக்கும். பல் உரியாது. அதனால் பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் கிருமிகள் பிசுபிசுப்பான படலமாக ஒட்டி, பிறகு காரையாக இறுகுகின்றன. அரை நிமிடம் கொப்பளித்துத் துப்பும் திரவம் இறுகிய காரையை அசைக்காது. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விழுந்த பள்ளத்தின் அடிவரை போகவும் போகாது. பிரஷ்தான் தேய்க்க வேண்டும். காரையை மருத்துவர்தான் சுரண்ட வேண்டும். நாக்குக்கு வழிப்பானும், சாப்பிட்டுக் கை கழுவும்போதே வாய் கொப்பளிக்கத் தண்ணீரும் நம் வீடுகளில் என்றும் உண்டு.

என் நெடுநாள் மனக்குறை வேறொன்று. வாய் நாற்றம் ஒரு சேதி. பெரும்பாலும் அது நாக்கின் படிவிலிருந்தோ ஈறு நோயிலிருந்தோ வருகிறது. ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காது. பல் தேய்க்கையில் கசியும் ரத்தமும் இந்த நாற்றமும்தான் அது கொடுக்கும் முன்னறிவிப்பு. 1879இல் அறுவைக் கிருமிநாசினியாகப் பிறந்த லிஸ்டரின், 1920களில் வாய் நாற்றத்தை மக்கள் கூசி ஒளிக்கும் அவமானமாக விளம்பரம் செய்துதான் வீடுகளுக்குள் நுழைந்தது. அன்றிலிருந்து நாற்றத்தின் காரணத்தைத் தேடுவதை விட்டு அதை மூடுவதையே சுத்தம் என்று பழகிவிட்டோம்.

முத்தியால்பேட்டையில் என் பெரியப்பா காலையும் இரவும் தவறாமல் கொப்பளிப்பார். பக்கத்தில் உட்கார்ந்தால் புதினா வாசனை. ஈறில் ரத்தம் வருவதை 'சூடு' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். முன்பற்கள் ஆடத் தொடங்கிய பிறகுதான் கோரிமேடு அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அதற்குள் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துவிட்டிருந்தது. கரைந்த எலும்பு பழையபடி வளராது. அந்த வாசனை இல்லாதிருந்தால் பெரியம்மாவே அவரை முன்னதாக அனுப்பியிருப்பார்.

ஹான்ஸ், மாவா போன்ற புகையிலையைக் கன்னத்தில் ஒதுக்குபவர்களை நினைத்தால் பயம் இன்னும் கூடுகிறது. வீட்டுக்குள் நுழையுமுன் புகையிலை வாடையைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் போகிறவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! கன்னத்தில் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கக்கூடிய வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருந்தால் எந்த பாட்டிலும் அதை ஆற்றாது. வீட்டாருக்குத் தெரியாமல் பழக்கம் தொடர்வதற்கு மட்டும் அது உதவும். ஜிப்மர் வளாகத்திலேயே மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கும் ஊர் இது.

தினசரி பயன்பாட்டுக்கு வேறு விலைகளும் உண்டு. குளோர்ஹெக்சிடின் வாரக்கணக்கில் நீண்டால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கில் ருசி மாறும். நாக்கிலுள்ள நல்ல கிருமிகள் கீரையின் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றி ரத்த அழுத்தம் சீராக இருக்க உதவுகின்றன. அவற்றையும் குளோர்ஹெக்சிடின் கொல்கிறது. பல் தேய்த்த கையோடு எதைக் கொப்பளித்தாலும், பற்பசை பல்லில் விட்டுவைத்த ஃப்ளோரைடுதான் கழுவிக்கொண்டு போகும்.

அந்தப் பிள்ளையிடம் அன்று நான் பேசியிருக்க வேண்டும். "உங்கம்மாவுக்கு ஈறுல ரத்தம் வருதா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.