மாஸ்லோவின் கோபுரமும் ரோஜர்ஸின் செவியும்

ஆளுமை என்பது எதனால் ஆனது? இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இக்கேள்விக்கு இரண்டு விடைகள்தாம் செல்வாக்கோடு இருந்தன. அடிமனத்தில் புதைந்த இச்சைகளே மனிதனை ஆட்டிவைக்கின்றன என்றனர் ஃபிராய்டு வழிவந்தோர். பரிசும் தண்டனையும் பழக்கியபடிதான் அவன் நடக்கிறான் என்றனர் நடத்தையியலார். 'இரண்டும் இல்லை, வளர வேண்டும் என்ற உந்துதல் அவனுக்குள்ளேயே இருக்கிறது' என்று எழுந்த மூன்றாவது அணியே மனிதநேய உளவியல். அமெரிக்கரான ஆபிரகாம் மாஸ்லோவும் (1908–1970) கார்ல் ரோஜர்ஸும் (1902–1987) அதன் இரு தூண்கள். இருவரையும் ஒரே மூச்சில் புகழ்ந்துவிட்டுப் போவது வழக்கம். தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதே நியாயம்.

மாஸ்லோ என்றதும் கம்பெனிப் பயிற்சி வகுப்பில் காட்டும் கோபுரப் படம் நினைவுக்கு வரும். கீழே பசி தாகம், அதன்மேல் பாதுகாப்பு, அன்பு, மதிப்பு, உச்சியில் தன்னிறைவு. அந்தப் படத்தை அவர் வரையவில்லை. 1960 வாக்கில் மேலாண்மை எழுத்தாளர்கள் வரைந்தது அது. வயிறு நிறைந்தால்தான் உயர்ந்த எண்ணம் வரும் என்று அவர் அடித்துச் சொல்லவும் இல்லை. கொள்கைக்காக எல்லாவற்றையும் துறப்போரை 1943ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே விதிவிலக்காகக் குறித்திருக்கிறார்.

அவரிடம் உள்ள குறை வேறு. தன்னிறைவு பெற்றோர் என்று லிங்கன், ஐன்ஸ்டீன், எலினார் ரூஸ்வெல்ட் முதலிய சிலரைத் தாமே தேர்ந்தெடுத்தார். பிறகு அவர்களிடம் கண்ட குணங்களையே நிறைந்த ஆளுமையின் இலக்கணம் என்றார். மூவாயிரம் கல்லூரி மாணவர்களைச் சலித்தபோது அவருக்கு உடனே தேறியது ஒரே ஒருவர்! பிடித்த மணிகளை மட்டும் பொறுக்கி மாதிரி காட்டிவிட்டு, மூட்டை முழுக்க இப்படித்தான் என்று சொன்னால் எந்த மண்டியிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ரோஜர்ஸ் அப்படியல்ல. தம்மிடம் வந்தவர்களோடு பேசியதை ஒலித்தட்டில் பதிவு செய்து, 1942இல் ஒருவரின் முழு உரையாடலையும் நூலில் அச்சிட்டார். யார் வேண்டுமானாலும் சோதித்துப் பார்க்கலாம் என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து வைத்த நேர்மை அது. கேட்பவரிடம் மூன்று பண்புகள் இருந்தால் எதிரில் இருப்பவர் மாறுவார் என்று 1957இல் எழுதினார். உள்ளும் புறமும் ஒன்றாயிருத்தல், மற்றவர் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனையில்லாத மதிப்பு என்பன அவை.

அவரிடமும் ஓட்டை இல்லாமல் இல்லை. மனிதனுக்குள் இருக்கும் தீமைக்கு உங்கள் கொள்கையில் இடம் எங்கே என்று அதே அணியைச் சேர்ந்த ரோலோ மே 1982இல் கேட்டார். சமூகச் சூழலே தீமையை வளர்க்கிறது என்பது ரோஜர்ஸின் பதில். இந்த இடத்தில் மே பக்கம்தான் தராசு சாய்கிறது. உயிரின் உயர்வைச் சமண நூல்கள் பதினான்கு குணஸ்தானங்களாக வகுக்கின்றன. பதினோராம் படியில் மோகம் அடங்கியிருக்குமே தவிர அழிந்திருக்காது. ஆகவே அங்கே நின்றவர் மீண்டும் சறுக்கியே தீர்வார். ஏற்றத்தை மட்டும் பேசி, சறுக்கலுக்குக் கணக்கு வைக்காத எந்த ஆளுமைக் கொள்கையும் பாதிக் கணக்குதான்.

ஆனாலும் ரோஜர்ஸிடம் நாம் கற்க ஒன்று உண்டு. 'இப்படி இருந்தால்தான் உன்னை நேசிப்பேன்' என்ற நிபந்தனைகளுக்குள் வளரும் பிள்ளை, தன் உணர்வையே நம்பாமல், பெற்றவர் விரும்பும் முகத்தை மாட்டிக்கொள்ளும் என்கிறார் அவர். வெளி மாநிலத்தில் பிழைக்க வந்த நமக்கு, பிள்ளைகளின் மார்க்குதான் முதலுக்கு வந்த லாபம் போலத் தோன்றும். தொண்ணூறு வாங்கினால் கொஞ்சுவதும், அறுபது வாங்கினால் முகம் கொடுத்துப் பேசாததும் பல வீடுகளில் நடப்பதுதான். அதற்காகத் தவறைக் கண்டிக்கக் கூடாது என்பதில்லை. செயலைக் கண்டிக்கலாம், பிள்ளையைத் தள்ளிவைக்கக் கூடாது. மார்க் குறைந்த அன்று ராத்திரியும் பக்கத்தில் உட்கார்த்திச் சோறு போட்டு, அவன் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டுப் பாருங்கள். கோபுரப் படம் கற்றுத் தராததை அந்தக் காது கற்றுத் தரும்.