சாவி யார் கையில்?

கல்லூரிச் சேர்க்கை சமயத்தில் மத்தூரில் ஓர் இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தேன். பேரனுக்கு வருமானச் சான்று வாங்க ஒரு பாட்டி வந்திருந்தார். "ஓடிபி வந்துச்சா ஆயா?" என்று கேட்டார் மையத்துப் பெண். பதிவான எண் மகனுடையது. மகன் ஓசூரில் முதல் ஷிப்டில். அவர் செல்போன் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைக்கப்பட்டிருந்தது. ஷிப்ட் முடியும்வரை பாட்டி பெஞ்சிலேயே இருந்தார்.

அந்தக் காத்திருப்பை நான் குறையாகச் சொல்லமாட்டேன். இந்த ஏற்பாட்டில் குடிமக்கள் கையில் இருக்கிற ஒரே பூட்டு அந்த ஓடிபிதான். கூட்டுறவுக் கடன் சங்கம், அரசு கேபிள் டிவி நிறுவனம், மகளிர் அமைப்புகள், தனியார் எனப் பலரும் ஒரே இ-சேவைத் தளத்தில் நுழைகிறார்கள். மையத்தில் இருப்பவர் விண்ணப்பத்தை ஏற்றலாம், ஒப்புதல் தர முடியாது. கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ), வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), துணை வட்டாட்சியர் என்று அவரவர் பதவிக்கு அவரவர் எல்லை. ஃபெராயோலோ, கூன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1992-ல் முறைப்படுத்திய கருத்துதான் இப்படிப் பதவியைப் பார்த்து அனுமதி தருவது. வெளியாருக்கு அளவறிந்து அனுமதி தராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகள் சாட்சி. குளிர்சாதன ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லைத் திருடி உள்ளே நுழைந்தவர்கள் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்களை அள்ளிப்போனார்கள்.

ஆனால் அனுமதி நாற்காலிக்கு, சாவியோ ஆளுக்கு. ஓட்டை அங்கேதான் விழுகிறது. ஒரே விஏஓ கூடுதல் பொறுப்பாக இன்னொரு கிராமத்தையும் பார்ப்பார். அதிகாரி ஜமாபந்தி எனும் வருவாய்க் கணக்குத் தணிக்கையில் இருப்பார். பிள்ளைக்கோ நாளை கடைசித் தேதி. இரக்கப்பட்டுத்தான் கடவுச்சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள், டிஜிட்டல் கையொப்ப டோக்கனைக் கொடுத்துவிடுகிறார்கள். அதன்பின் கணினிப் பதிவில் இருக்கும் பெயர் ஒருவருடையது, பொத்தானை அழுத்திய விரல் வேறொருவருடையது. தவறான சான்று ஒன்று போய்விட்டால் யாரைக் கேட்பது?

2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 42-ஆம் பிரிவில், கையொப்பச் சாவியைக் காக்கும் கடமையை அதன் உரிமையாளர்மீதே வைக்கிறது. சட்டம் சரி, ஆள் பற்றாக்குறையைத் தனி அதிகாரியின் தலையில் கட்டுவது சரியில்லை. இரண்டு நாள் விடுப்பென்றால் அந்த இரண்டு நாளுக்கு மட்டும், தேதி போட்டு, இன்னொருவர் பெயரிலேயே அனுமதி கிடைக்க வேண்டும். மாறுதல் ஆணை வந்த அன்றே பழைய லாகின் முடங்க வேண்டும்.

அதிகாரிகளே, ஜமாபந்திக்குக் கிளம்பும்போது டோக்கனை மேசை இழுப்பறையில் விட்டுப் போகாதீர்கள்.