செவிவாயிற் போர்

பிரசங்கத்தைப் போராக உருவகித்தல் கிறிஸ்தவ மரபில் மிகப் பழையது. எபேசியருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் ஆறாம் அதிகாரம் விசுவாசிக்குப் போர்க்கோலம் பூட்டுகின்றது. தேவவசனம் அங்கு வாளாகின்றது. அப்போர் மனிதருக்கு எதிரானதன்று என்ற எல்லையையும் அவ்வதிகாரமே வகுக்கின்றது. இவ்வுருவகத்தை முழுக்கதையாக விரித்தவர் ஜோன் பன்யன் (1628–1688). எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிக'த்திற்கு மூலமான நூலின் ஆசிரியர் என்ற வகையில் தமிழ் வாசகர் அவரை அறிவர். 1682இல் அவர் வெளியிட்ட 'த ஹோலி வோர்' என்னும் உருவகக் கதை இங்கு நோக்கத்தக்கது.

மான்சோல் என்னும் நகரம் மனித ஆன்மாவைக் குறிப்பது. ஐம்புலன்களே அதன் ஐந்து வாயில்கள். உள்ளிருப்போர் விரும்பினாலன்றி அவ்வாயில்களை எவராலும் திறக்க இயலாது எனத் தொடக்கத்திலேயே பன்யன் விதிக்கின்றார். டயபோலஸ் என்னும் தீயோன் செவிவாயிலின் முன் நின்று நயமாகப் பேசுகின்றான். நகரத்தார் தாமே கதவைத் திறந்துவிடுகின்றனர். நகரை மீட்க வருவோர் பொவனெர்கேஸ் முதலிய நான்கு தளபதிகளும் 40,000 வீரரும் ஆவர். இடிமுழக்கத்தின் மக்கள் எனப் பொருள்படும் அப்பெயர் எச்சரித்து அச்சுறுத்தும் பிரசங்கத்தைச் சுட்டுவது. செவிவாயிலைக் காப்பவனோ தப்பெண்ணம் என்னும் கிழவன். அவனுடன் நிற்போர் செவிடர் அறுபதுபேர். தளபதிகளால் நகரைக் கைப்பற்ற முடியவில்லை. பின்னர் அரசகுமாரனாகிய இம்மானுவேல் வருகின்றார். வேதாகமத்தைக் குறிக்கும் பொன் இடிபொறிகள் முழங்க, செவிவாயிலின் தாழ்கள் நொறுங்குகின்றன.

இங்கேதான் நூலின் முரண்பாடு வெளிப்படுகின்றது. தீமை சொல்லால் இணங்கச்செய்து நுழைந்தது; நன்மையோ தாக்கி நுழைகின்றது. நகருள் அறிவும் மனச்சாட்சியும் முன்னரே கிளர்ந்தெழுந்தன என்பது உண்மையே. ஆயினும் உடைக்கப்பட்ட கதவைத் திறக்கப்பட்ட கதவென்று கொள்ள முடியாது.

இம்முரணின் வேரைப் பன்யனது வாழ்விற் காணலாம். உள்நாட்டுப் போர்க்காலத்தில் அவர் பாராளுமன்றப் படையிற் பணிபுரிந்தவர். முற்றுகையின் மொழி அவருக்கு இயல்பானது. மறுபுறம், பிரசங்கஞ் செய்வதைக் கைவிட மறுத்தமைக்காக 1660 முதல் 1672 வரை சிறையிருந்தவரும் அவரே. மனச்சாட்சியைப் பலவந்தத்தால் மாற்றவியலாது என்பதற்கு அவரே சான்றாவார். வாயிலுக்கு விதி வகுத்தவர் அக்கைதி. தாழை நொறுக்கியவர் அப்படைவீரர்.

நூலின் பிற்பகுதியில் கைதியின் குரல் மேலோங்குகின்றது. தன்னிறைவில் மயங்கிய நகரைவிட்டு இம்மானுவேல் ஓசையின்றி நீங்கிவிடுகின்றார். டயபோலஸ் மீண்டும் நகருட் புகுந்தபோதும் அவர் உடனே விரைந்து வரவில்லை. நகரத்தார் விண்ணப்பம் அனுப்பி வேண்டியபின்னரே திரும்புகின்றார். நூல் முடிகையிலும் பகைவர் சிலர் மதிற்புழைகளில் ஒளிந்திருக்கின்றனர். நகரத்தார் விழித்திருப்பதற்காகவே அவர்கள் விடப்பட்டுள்ளனர்.

பகைவனை அயலானிடத்திலன்றித் தன் மதிலுள்ளே தேடுமாறு இம்முடிவு பணிக்கின்றது. பிரசங்கத்தைப் போரெனக் கொள்வோர் இதனை மறந்தால், உருவகம் உருவகமாக நில்லாது, கேட்போரே பகைவராகிவிடுவர். செவிவாயிலை உடைத்து உட்புகும் சொல் நகரை வெல்லலாம்; அங்குக் குடியிருக்க அதனால் இயலாது. பன்யனின் முற்பகுதியைப் பிற்பகுதி திருத்துவது இவ்வுண்மையாலேயாகும்.